ஜீரோ பீர், லைட் பீர், ஸ்ட்ராங் பீர்: ருசி எங்கே பிரிகிறது? வேலூர் வெயிலில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் ஆல்கஹால் குறைந்த பீரை யார் கையில் கொடுத்தாலும் முதல் மடக்கிலேயே வருகிற தீர்ப்பு ஒன்றுதான்: "இன்னாபா, தண்ணியாட்டம் சப்புன்னு கீது." இதில் பாதி உண்மை. ஆல்கஹால் வெறும் போதைப் பொருள் இல்லை, அதற்கென்று ருசி உண்டு. அது போனால் பீரின் ருசியில் ஒரு பகுதியும் சேர்ந்து போகத்தான் செய்யும். மீதிப் பாதிக்கு ஆல்கஹால் பொறுப்பே இல்லை. சித்திரை வெயிலில் குடோனில் வெந்த பாட்டில், ஃப்ரீசரில் வைத்து நாக்கே மரத்துப்போகிற குளிர்ச்சி, 8 சதவீத ஸ்ட்ராங் குடித்துப் பழகிய வாய் என்று இத்தனை குறைகளையும் அந்த ஒரு பீரின் தலையில் கட்டுகிறோம்.

இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். வீட்டிலேயே, ஒரு சாயங்காலத்தில், பெரிய செலவில்லாமல் செய்யலாம். குடியைக் குறைக்க நினைப்பவர்கள் பலர் ஒரே ஒரு மோசமான ஜீரோ பீரைக் குடித்துவிட்டு அந்த எண்ணத்தையே கைவிடுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கிற நாளில் வண்டியைத் தொடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்.

முதல் படி: லேபிளைப் படியுங்கள்

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுபான விதிமுறைகள் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதன்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் மதுபானம். அதற்குள் அடங்குவதைத்தான் ஜீரோ பீர் என்கிறேன். அங்கிருந்து 5 சதவீதம் வரை ரெகுலர் அல்லது மைல்டு பீர். 5க்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். நம் ஊரில் 'லைட்' என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் இந்த ரெகுலரைத்தான். வெளிநாட்டுக்காரருக்கு அதுவே சாதாரண பீர். நம்மவர்கள் ஸ்ட்ராங்கையே சாதாரணம் என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அளக்கிறார்கள். 'சப்' என்ற தீர்ப்பு இங்கேதான் பிறக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 32.5 மில்லி. அதே பாட்டில் 8 சதவீதமானால் 52 மில்லி. 330 மில்லி ஜீரோ டின்னில் அதிகபட்சமாக 0.5 சதவீதம் இருந்தால்கூட 1.65 மில்லிதான். 52 மில்லிக்குப் பழகிய நாக்கை நேரே 1.65 மில்லிக்கு இறக்கினால் எந்த பீரும் தண்ணீராகத்தான் தெரியும்.

ஆகவே ஒப்பிட வேண்டிய ஜோடி ஜீரோவும் ரெகுலரும்தான். இரண்டும் ஒரே வகையாக, லாகருக்கு (குளிர்ச்சியில் மெல்லப் புளிக்கவைக்கிற சாதாரண பீர் வகை) லாகராக இருக்கட்டும். ஒரே கம்பெனியின் இரண்டு பீர் கிடைத்தால் இன்னும் நல்லது. கோதுமை பீரையும் லாகரையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் பார்ப்பது தானியத்தின் வித்தியாசத்தை. எலுமிச்சை கலந்த ராட்லர் வகையை இதில் சேர்க்கவே கூடாது, அது வேறு பானம்.

இரண்டாம் படி: நல்ல பாட்டிலாகத் தேடுங்கள்

வேலூரில் இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பீர் கெடுவது ஒரு வேதிவினை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். வெளியே 40 டிகிரி அடிக்கிற ஊரில், ஏசி இல்லாத கிடங்கில் சில வாரம் கிடந்த பீருக்கு நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். அந்தப் பழைய வாசம் ஸ்ட்ராங்கின் நெடியில் அமுங்கிப்போகும், ஜீரோவில் மறைய இடமில்லை. இரண்டும் ஒரே அளவு கெட்டிருந்தாலும் ஜீரோதான் மட்டமாகத் தெரியும்.

தயாரித்த தேதியைப் பாருங்கள். இரண்டு பீரும் ஏறக்குறைய ஒரே வயதாக இருக்கட்டும், மூன்று மாதத்துக்குள் இருந்தால் நிம்மதி. பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து கந்தக நாற்றம் எடுக்கும். கண்ணாடி ஷோகேஸில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்ற பாட்டிலை விட்டுவிட்டு டின் வாங்குங்கள். ஜீரோ பீர் சூப்பர் மார்க்கெட்டில் கூல்டிரிங்ஸ் பக்கத்தில் கிடைக்கும். அங்கேயும் வாசலோரம் அடுக்கியதை எடுக்காமல் ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதை எடுங்கள். காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரி போவதற்குள் வண்டியின் டிக்கியில் சூடேறிவிடும், ஒரு துணிப்பையில் ஈரத்துண்டு சுற்றிக் கொண்டுபோங்கள்.

மூன்றாம் படி: கூலிங் எவ்வளவு?

"நல்லா கூலிங்கா குடு" என்று கேட்பது வேலூர் வெயிலுக்கு நியாயம்தான். ஆனால் அதிகக் குளிரில் நாக்குக்கு இனிப்பும் தெரியாது, மூக்குக்கு வாசமும் வராது. மிஞ்சுவது கேஸின் குத்தலும் கொஞ்சம் கசப்பும். அந்த நிலையில் ஜீரோவும் ரெகுலரும் பெரிய வித்தியாசமில்லாமல் போகும். குளிர் குறையக் குறையத்தான் இரண்டும் பிரிகின்றன.

இரண்டையும் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு ராத்திரி முழுக்க வையுங்கள். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டு ஊற்றினால் 6, 7 டிகிரி இருக்கும், அதுதான் சரியான அளவு. வேலூர்ச் சமையலறையில் மே மாதம் அந்த ஐந்து நிமிடமும் வேண்டாம், ஊற்றுவதற்குள்ளேயே ஏறிவிடும். ஃப்ரீசரில் மட்டும் வைத்து மறந்துவிடாதீர்கள். 5 சதவீத பீர் மைனஸ் 2 டிகிரியை ஒட்டித்தான் உறையும். ஜீரோவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே கட்டியாகி டின் உப்பிவிடும்.

நான்காம் படி: கிளாஸும் தண்ணீரும்

பாலாற்றங்கரை போர்த் தண்ணீரின் உப்பு கிளாஸில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவும் பாத்திரம் தேய்க்கிற சோப்பின் மிச்சமும் நுரையைக் கொன்றுவிடும். நுரை போனால் வாசமும் சீக்கிரம் போகும். கழுவிய கிளாஸைக் கடைசியாக ஒருமுறை கேன் தண்ணீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். எண்ணெய்க் கை படவே கூடாது. ஒரே அளவில் மூன்று கண்ணாடி கிளாஸ், மூன்று எவர்சில்வர் டம்ளர் போதும். டம்ளர் எதற்கு என்பது பின்னால் வரும்.

நாக்கைக் கழுவ சாதாரணத் தண்ணீரும் உப்பில்லாத பொரியும் வைத்துக்கொள்ளுங்கள். சைடிஷ் எல்லாம் கடைசியில்தான். சிக்கன் 65ஐக் கடித்துவிட்டு ருசி பார்த்தால் மசாலாவைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஐந்தாம் படி: முகருங்கள், பிறகு குடியுங்கள்

ஒவ்வொரு கிளாஸிலும் 75 மில்லி மட்டும் ஊற்றுங்கள். முதலில் ஜீரோ, பிறகு ரெகுலர். ஸ்ட்ராங்கும் வைத்திருந்தால் அது கடைசியில். வரிசை மாறினால் முதலில் குடித்ததின் சூடு அடுத்ததைச் சப்பாக்கிவிடும்.

ஊற்றினவுடன் மூக்கைக் கொண்டுபோங்கள். ரெகுலர் லாகரில் லேசான பழவாசம் இருக்கும், வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் நினைவூட்டுவது. ஈஸ்ட் புளிக்கவைக்கும்போது உண்டாக்குகிற எஸ்டர்கள் அவை. ஜீரோவில் இது குறைவாக இருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்று கவனித்தால் அந்த ஜீரோ பீர் எந்த வழியில் செய்யப்பட்டது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

வழி இரண்டு. ஒன்று, முழு பீராகப் புளிக்கவிட்டு ஆல்கஹாலைப் பின்னால் எடுப்பது. சாதாரணமாக 78 டிகிரியில் கொதிக்கிற ஆல்கஹால், காற்றழுத்தத்தைக் குறைத்தால் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகும். பீர் வேகாமல் ஆல்கஹால் மட்டும் போகும் என்பது கணக்கு. ஆனால் அதைவிட லேசான பழவாசங்களும் கூடவே பறந்துவிடும். சில ஆலைகள் கொதிக்கவிடாமல், வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இருப்பதுபோன்ற சவ்வு வழியாக ஆல்கஹாலைப் பிரிக்கின்றன. எப்படி எடுத்தாலும் இந்த வகை நாக்கில் மெலிதாக ஓடும். புளிப்பும் கசப்பும் துருத்திக்கொண்டு நிற்கும், இனிப்பு இருக்காது.

இன்னொன்று, ஆல்கஹாலையே உண்டாகவிடாமல் செய்வது. புளிப்பதைப் பாதியில் நிறுத்துவார்கள், அல்லது மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், முக்கியச் சர்க்கரையான மால்டோஸைத் தின்னத் தெரியாத ஈஸ்ட்டைப் போடுவார்கள். சாக்கரோமைக்கோட்ஸ் லுட்விகி அப்படிப்பட்ட ஒன்று. சர்க்கரை மிஞ்சும். மால்ட்டின் பச்சை வாசமும் மிஞ்சும், முளைகட்டிய கேழ்வரகை வறுத்து அரைத்துக் காய்ச்சுகிற மால்ட் கஞ்சியின் வாசம் போல. அந்த வாசத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகளை முழுமையாக வேலை செய்கிற ஈஸ்ட் மாற்றிவிடும், அரைகுறையாக வேலை செய்தால் அவை அப்படியே நிற்கும். அவற்றில் ஒன்றான மெத்தியோனல் வேகவைத்த உருளைக்கிழங்கு வாசம் கொண்டது. ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் பிறகு தவறவே விடமாட்டீர்கள்.

நம் ஊரில் பலருக்கு இந்த இரண்டாவது வகை பிடிக்கிறது, எனக்கும் பிடிக்கும். கேழ்வரகு வாசத்தைக் குறை என்று பார்க்க நமக்கு அவசியமில்லை. ஆனால் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் லேபிளில் சர்க்கரை அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆல்கஹால் இல்லை என்பதால் சர்க்கரையும் இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது ஒரு வாய். உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவவிடுங்கள். விழுங்கினபின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ரெகுலரில் விழுங்கின இடத்தில் ஒரு வெதுவெதுப்பு தங்கும், வாசம் சில நொடி தொடரும். ஜீரோவில் ருசி சட்டென்று அறுந்துவிடும். வித்தியாசம் அதிகம் தெரிவது ஆரம்பத்தில் அல்ல, இந்த முடிவில்தான். அவசரமாகக் குடிப்பவருக்கு இது தெரியாமலே போகும்.

ஆறாம் படி: ஆல்கஹாலைத் தனியே பிரித்துப் பார்ப்பது

இந்தப் படிதான் உயிர்நாடி. மது தொடாதவர்கள் இதைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம்.

தேவை ஒரு ஜீரோ பீர், ஒரு ரெகுலர், கொஞ்சம் வோட்கா, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 10 மில்லி சிரிஞ்ச். நம் நாட்டு வோட்காவில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். 200 மில்லி ஜீரோ பீரில் 26 மில்லி வோட்காவைச் சேர்த்தால் கலவை ஏறக்குறைய 5 சதவீதமாகும். இன்னொரு 200 மில்லி ஜீரோவில் அதே 26 மில்லி தண்ணீரைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று மட்டும் நீர்த்துப்போய்க் கணக்கு கெடும். வோட்காவும் தண்ணீரும் பீர் அளவுக்கே குளிர்ந்திருக்கட்டும். சிரிஞ்சை கிளாஸின் ஓரமாக வைத்து மெல்ல விடுங்கள், கலக்கினால் கேஸ் போய்விடும்.

இப்போது மூன்று கிளாஸ். முதலாவதில் ஜீரோவும் தண்ணீரும், இரண்டாவதில் ஜீரோவும் வோட்காவும், மூன்றாவதில் அசல் ரெகுலர்.

முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வரும்போது மாறுவது ஆல்கஹால் மட்டுமே. கவனியுங்கள்: கஞ்சி வாசம் சட்டென்று அடங்குகிறது. ஆல்கஹால் அந்த வாசப்பொருள்களை திரவத்துக்குள்ளேயே பிடித்துவைப்பதால் மூக்குக்குக் குறைவாக வருகிறது. சர்க்கரை சேர்க்காமலே ஒரு மெல்லிய இனிப்பு தட்டுகிறது. புளிப்பின் முனை மழுங்குகிறது. நாக்கில் கனம் ஏறுகிறது, தொண்டையில் சூடு தங்குகிறது. கசப்பு சிலருக்குக் கூடும், சிலருக்கு ஆல்கஹாலே கசப்பாகத் தெரியும். இது ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறுகிற விஷயம். அதனால் பக்கத்தில் இருப்பவர் வேறு மாதிரி சொன்னால் சண்டை போடவேண்டியதில்லை.

இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு வாருங்கள். இரண்டிலும் ஆல்கஹால் ஒரே அளவுதான். ஆனாலும் ருசி ஒன்றில்லை. அசலில் பழவாசம் இருக்கிறது, கசப்பு மால்ட்டோடு சேர்ந்து வருகிறது, கலவையில் எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. இந்த இடைவெளி ஆல்கஹால் இல்லாததால் வந்ததல்ல. செய்முறையாலும் ஆலையின் கைத்திறனாலும் வந்தது. நல்ல ஜீரோவில் இது குறுகலாக இருக்கும், மட்டமானதில் அகலமாக இருக்கும். இரண்டு மூன்று ஜீரோ பீர்களில் எதை வாங்கலாம் என்று முடிவுசெய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஸ்ட்ராங்கை இந்த வரிசையின் கடைசியில் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் ஒன்று புரியும். பல ஸ்ட்ராங் பீர்களில் மால்ட்டோடு அரிசியும் சர்க்கரையும் போட்டுத்தான் ஆல்கஹாலை ஏற்றுகிறார்கள். ஆல்கஹால் ஏறுகிற அளவுக்கு மால்ட்டோ ஹாப்ஸோ ஏறுவதில்லை. 'ருசி ஜாஸ்தி' என்று நாம் சொல்வது பெரும்பாலும் நெடியும் சூடும்தான். ரெகுலருக்குப் பக்கத்தில் வைத்தால் அது நன்றாகத் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: கண்ணை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

ஜீரோ என்று தெரிந்து குடிக்கும்போது மனசே அதைச் சப்பாக்கிவிடும். இங்கேதான் எவர்சில்வர் டம்ளர். நிறம் தெரியாது, நுரையும் அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் இன்னொருவரை ஊற்றச் சொல்லுங்கள். மூன்று டம்ளரில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறான டம்ளரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. எது வேறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். எது நல்லது என்பது இப்போது கேள்வியே இல்லை.

குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஒரு தடவை போதாது. ஆறு சுற்று செய்யுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு அளவுதான், நடுவே பொரியும் தண்ணீரும். ஆறில் ஐந்து சரியென்றால் உங்களுக்கு உண்மையாகவே வித்தியாசம் தெரிகிறது. வெறும் ஊகத்தில் அவ்வளவு சரியாவது ஐம்பதுக்கு ஒரு முறைதான். மூன்றோ நான்கோ என்றால் அந்த ஜீரோ உங்கள் நாக்கை ஏமாற்றும் அளவுக்கு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. இனி அதையே தைரியமாக வாங்கலாம்.

யார் தொடக்கூடாது

வேலூர் ஆஸ்பத்திரி ஊர். வைத்தியத்துக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் 'இதில் ஆல்கஹால் இல்லையே' என்று ஜீரோ பக்கம் போவதுண்டு. குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்களுக்கு 0.5 சதவீதம்கூட ஆபத்து. கல்லீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். குடியை விட்டு மீண்டுவருகிறவருக்கு அந்த வாசமும் நுரையுமே பழைய ஆசையைக் கிளப்பலாம். அவருக்கு முன்னால் இந்தச் சோதனையெல்லாம் நடத்தவே கூடாது.

எட்டாம் படி: சாப்பாட்டோடு

இங்கே ஜீரோ பல இடங்களில் ரெகுலரைத் தோற்கடிக்கிறது. நாக்கில் சூட்டை உணர்கிற நரம்பைத்தான் மிளகாயின் காரம் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே நரம்பைத்தான் சீண்டும். ஸ்ட்ராங்கோடு சிக்கன் 65 சாப்பிடும்போது காரம் ஏறிக்கொண்டே போவது இதனால்தான். ஜீரோவோடு சாப்பிட்டால் காரம் அந்த அளவுக்கு ஏறாது, மசாலாவின் வாசம் தனியாகத் தெரியும்.

ஆம்பூர் பிரியாணிக்குத் தேர்வு கொஞ்சம் கஷ்டம். சீரகச் சம்பாவும் கறியும் மட்டுமென்றால் எதுவும் ஒத்துப்போகும். கத்திரிக்காய்த் தொக்கின் புளி சேர்ந்ததும் ஆல்கஹாலைப் பிரித்தெடுத்த வகை ஜீரோ இன்னும் புளித்துத் தெரியும். அங்கே மால்ட் இனிப்பு மிஞ்சிய வகையை ஊற்றுங்கள், தொக்கின் புளிப்பை அது சமன் செய்யும்.

மெலிந்து கசக்கிற ஜீரோ கையில் மாட்டிக்கொண்டால் உப்புப் போட்டு அவித்த மல்லாட்டை வாங்கிவாருங்கள். உப்பு கசப்பை அமுக்கும், கடலையின் கொழுப்பு நாக்கில் இல்லாத கனத்தைக் கொடுக்கும். தோலை உரித்து நாலு பருப்பை மென்றபின் ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள், அதே டின்தான் கொஞ்சம் முழுமையான பீராகத் தெரியும். திறந்த ஜீரோவை மறுநாளைக்கு மட்டும் எடுத்துவைக்காதீர்கள். கிருமியைத் தடுக்க அதில் ஆல்கஹால் இல்லை, மிஞ்சிய சர்க்கரையோ இருக்கிறது, ரெகுலரைவிட வேகமாகக் கெட்டுவிடும்.